கீழிறங்கு பட்டியலில் எவருடைய சொற்கள்?

மேசைக் கணனிக்குரிய செய்நிரல்களை ஆக்குவோரிடையே ஒரு வழக்கம் ஆழ வேரூன்றிவிட்டது. பயனர் ஒன்றைத் தெரிவு செய்யும்பொருட்டுத் திரையில் அமைக்கப்படும் கீழிறங்கு பட்டியலை நிரப்பவேண்டிய இடத்து, செய்நிரலின் உள்ளே முன்னரே வரையறுக்கப்பட்டுள்ள எனுமரேசன் ஒன்றை எடுத்து, அதன் உறுப்புக்கள் யாவற்றையும் அப்படியே அப்பட்டியலிற் கொட்டிவிடுதலே அவ்வழக்கமாகும். சீ ஷார்ப் மொழியில் இதற்கு ஒரு வரி போதும். எனுமரேசனின் பெறுமானங்களைத் தரும் 'கெற் வல்யூஸ்' என்ற செயற்கூற்றை அழைத்து, அது தருவதைக் கொம்போ பொக்ஸின் 'டேற்றா சோர்ஸ்' என்ற பண்புக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு வரியில் முடிவதனாலேயே இது சிறந்த முறையெனப் போற்றப்படுகிறது, மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது, செயற்றிட்ட அறிக்கைகளில் நயமான உத்தியென எடுத்துக் காட்டப்படுகிறது. உண்மையில் இது செய்நிரலாளர் தமக்குரிய ஒரு கடமையைத் தட்டிக்கழிக்கும் வழியேயாகும். அக்கடமை யாதென்பதையும், அது தட்டிக்கழிக்கப்படும்போது துன்புறுபவர் யாவரென்பதையும் சற்று விரிவாகவே நோக்குதல் வேண்டும்.

எனுமரேசன் என்பது, முன்னரே அறியப்பட்ட சில நிலைகளுக்குச் செய்நிரலாளர் இடும் பெயர்களின் தொகுதி. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் எண் நிற்கும். வேறு கூறப்படாதவிடத்து அவ்வெண் 0இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறும். (இதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரைச் செய்நிரலாளர் உச்சரிக்கும்போது தமிழ்ச் செவிக்கு 'ஈனம்' என்றே கேட்கும். பழி அவ்வகையினுடையதன்று, அதனைக் கையாளுவோருடையதே.) எண்களை மட்டும் எழுதிவைத்தால் 3 என்பது எதனைக் குறித்தது என்பதை எழுதியவரே நாளடைவில் மறந்துவிடுவர். அம்மறதிக்கு மருந்தாகவே பெயர்கள் இடப்பட்டன. எனவே அப்பெயர்கள் செய்நிரலாளர் செய்நிரலாளருக்கு எழுதும் குறிப்புக்கள். பயனரை நோக்கி அவை எழுதப்பட்டனவல்ல.

இக்கூற்றுக்கு வரலாறும் சான்று பகரும். சுவிற்சர்லாந்து அறிஞர் நிக்லாவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பஸ்கால் மொழியே எனுமரேசனைப் பரவலாக அறிமுகஞ் செய்த மொழிகளுள் முதன்மையானது. அம்மொழியின் நியமப்படி, பயனர் வரையறுத்த எனுமரேசனின் பெறுமானத்தை நேரே திரையில் எழுதவோ விசைப்பலகையிலிருந்து வாசிக்கவோ இயலாது. எழுதவேண்டுமெனில், எந்நிலைக்கு எச்சொல் என்பதைச் செய்நிரலாளரே ஒவ்வொன்றாகக் கூறவேண்டும். இதனைப் பஸ்காலின் குறையெனப் பலர் எள்ளினர். ஆனால் அக்குறையே செய்நிரலாளரை ஒரு கணம் நிறுத்தி, 'இதைப் படிக்கப் போகிறவர்க்கு இதனை எப்படிச் சொல்வது?' என்று சிந்திக்க வைத்தது. சீ மொழியிலும் அப்பெயர்கள் தொகுப்பானோடு நின்றுவிடுவன. செய்நிரல் இயங்கும் வேளையில் எஞ்சுவன எண்களே. 1983இன் அடா நியமம் பெயர்களை அச்சிடவும் வாசிக்கவும் வழி செய்தது. 2002இல் வெளிவந்த டொட் நெற் கட்டமைப்போ அப்பெயர்களைத் தொகுக்கப்பட்ட கோப்பினுள்ளேயே சேமித்து, எவ்வேளையும் கேட்டுப் பெறத்தக்கனவாக ஆக்கிற்று. வழுக்களைக் கண்டறியவும் பதிவேடுகளை எழுதவும் இஃது ஒரு வரப்பிரசாதம். ஆயினும் கேட்டுப் பெறலாம் என்றிருந்தது, பயனரின் முன் வைக்கலாம் என்ற உரிமையாகச் சத்தமின்றித் திரிந்துவிட்டது.

அக்கட்டமைப்பை ஆக்கியோர் அவ்வாறு கருதினார்களா என்றால், இல்லை என்பதற்கு அவர்களது படைப்பே சாட்சி. வாரத்தின் நாட்களுக்கென அதில் ஓர் எனுமரேசன் உண்டு. ஞாயிறு 0, சனி 6. இதனைக் கீழிறங்கு பட்டியலொன்றிற் கொட்டினால், உலகின் எம்மூலையிலிருப்பவர்க்கும் ஆங்கிலப் பெயர்கள் ஏழும் ஞாயிறு தொடங்கியே தோன்றும். வாரத்தைத் திங்களில் தொடங்குவோர் பலர், ஐ. எஸ். ஓ. 8601 என்னும் சர்வதேச நியமமும் அவ்வாறே தொடங்குகிறது. இதனை அறிந்தே, அக்கட்டமைப்பை ஆக்கியோர் நாட்களின் பெயர்களை எனுமரேசனில் வைக்காது, மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ப மாறும் பிறிதொரு வகுப்பில் வைத்தனர். தமிழுக்குரிய குறியீட்டைக் கொடுத்தால் அது தமிழில் நாட்பெயர்களைத் தரும். வாரத்தின் முதல் நாள் எது என்பதையும் அதுவே கூறும். இன்னுமொன்று. தசம எண்ணையோ திகதியையோ சரமாக மாற்றும்போது எப்பண்பாட்டு மரபில் மாற்றுவது என்று கூற இடமுண்டு. எனுமரேசனைச் சரமாக மாற்றும் செயற்கூற்றிலும் அத்தகையதோர் இடம் பெயரளவில் இருந்தது. ஆனால் அங்கு எதனைக் கொடுத்தாலும் அது பொருட்படுத்தப்படுவதில்லை. அவ்வடிவம் வழக்கொழிந்ததென அறிவிக்கப்பட்டும்விட்டது. இதைவிடத் தெளிவாக எவரும் எச்சரிக்கை செய்ய முடியாது. எனுமரேசனின் பெயருக்கு மொழி இல்லை. அஃது எழுதப்பட்டவாறே நிற்கும் ஒரு குறி.

அக்குறி பயனர் முன் வரும்போது நேர்வது யாது? பெயர்களில் இடைவெளி இருத்தலாகாது என்பது மொழியின் விதி. ஆதலால் 'இன்னும் தொடங்கப்படவில்லை', 'அனுமதிக்குக் காத்திருக்கிறது' போன்ற கருத்துக்கள் யாவும் ஒட்டிப் பிறந்த ஆங்கிலச் சொற்களாகத் திரையில் நிற்கின்றன. ஆங்கிலேயருக்கே அவை விகாரமாகத் தோன்றும். அவ்விகாரத்தைப் போக்க ஒரு மருந்து கண்டுபிடிக்கப்பட்டது: ஒவ்வோர் உறுப்பின் தலையிலும் 'டிஸ்கிரிப்ஷன்' என்ற பட்டயத்தை ஒட்டி, அதனுள் நல்ல வாசகத்தை எழுதி, அவ்வாசகத்தைப் பட்டியலிற் காட்டுதல். கொம்போ பொக்ஸ் தானாக அப்பட்டயத்தைப் படிப்பதில்லை. படிப்பதற்கு வேறாகச் செய்நிரல் எழுதவேண்டும். ஆகவே ஒரு வரிப் பெருமை அங்கேயே போயிற்று. அதுமட்டுமன்று. அப்பட்டயத்தில் எழுதப்படுவது தொகுக்கும் வேளையிலேயே முடிவான மாறிலியாக இருத்தல் வேண்டும். ஒரு மொழியில் எழுதினால் அம்மொழி மட்டுமே. பின்னர் வந்த 'டிஸ்பிளே' என்ற பட்டயம் வெளியே உள்ள வளக் கோப்பைச் சுட்டவல்லது; அது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆனால் அதனையும் படிக்க வேண்டியவர் செய்நிரலாளரே. ஒரு வரியோடு நின்றுவிடுவோர் அதுவரை செல்வதில்லை.

இதனை மூன்று மொழிகளில் நிருவாகம் நடைபெறவேண்டிய ஒரு நாட்டில் வைத்துச் சிந்திக்க வேண்டும். இலங்கையின் அரசியலமைப்புக்கு 1987இல் செய்யப்பட்ட 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. அதன்படி ஒரு செய்நிரலின் திரைகளை மொழிபெயர்க்க ஒருவர் அமர்த்தப்படுகிறார் எனக் கொள்வோர், அவருக்குக் கொடுக்கப்படுவது யாது என்று கேட்பதில்லை. கொடுக்கப்படுவது வளக் கோப்பு. அதில் தலைப்புக்கள் உண்டு, பொத்தான்களின் பெயர்கள் உண்டு, எச்சரிக்கை வாசகங்கள் உண்டு. எனுமரேசனிலிருந்து கொட்டப்பட்ட சொற்கள் மாத்திரம் இல்லை. அவை செய்நிரலின் வயிற்றினுள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் தம் பணியைக் குறைவறச் செய்து முடித்தாலும், அச்சொற்கள் அவர் கண்ணிற் படுவதேயில்லை. முடிவில் 'திருமண நிலை' என்று தமிழில் எழுதப்பட்ட தலைப்பின் அருகே ஆங்கிலப் பட்டியலொன்று திறக்கிறது. வினா பயனரின் மொழியிலும் விடை செய்நிரலாளரின் மொழியிலுமாக அமைந்த இத்திரையின் முன், ஆங்கிலமறியாத பயனர் அருகிலிருப்பவரிடம் விசாரித்தே தமது விடையைத் தெரிவு செய்ய வேண்டியவராகிறார். தலைப்பைப் புரிந்துகொள்ளாவிடினும் ஒருவர் ஊகித்துவிடலாம். தாம் தெரிவு செய்யவேண்டிய சொல்லைப் புரிந்துகொள்ளாதவர் தவறான தரவையே பதிவு செய்வார்.

'அவ்வாறாயின் எனுமரேசனின் பெயர்களைத் தமிழிலேயே எழுதிவிடலாமே' என்று மொழிப்பற்றினால் உந்தப்பட்டுக் கூறுவாரும் உளர். சீ ஷார்ப் யூனிக்கோட் எழுத்துக்களைப் பெயர்களில் அனுமதிப்பதனால் அது இயலக்கூடியதே. ஆனால் இடைவெளி அங்கும் இல்லை. 'நுவரெலியா' தப்பிவிடும், 'தென் மாகாணம்' ஒட்டிக்கொள்ளும். அதனினும் முக்கியமாக, அப்பட்டியல் சிங்களம் பேசும் பயனர் முன்னும் தமிழிலேயே திறக்கும். ஒருவர்க்கு இழைக்கப்பட்ட அநீதியை இடம் மாற்றி மற்றவர்க்கு இழைப்பது தீர்வாகாது.

பெயரினால் வரும் தீமை கண்ணுக்குப் புலப்படுவது. எவராவது முறைப்பாடு செய்வர். எண்ணினால் வருவது புலப்படாதது, ஆகவே பன்மடங்கு கொடியது. இதற்கு மாவட்டங்களின் பட்டியலை உதாரணமாகக் கொள்ளலாம். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாக இருந்து, அவ்வாண்டில் தனி மாவட்டமாயிற்று. அதனோடு இலங்கையின் மாவட்டங்கள் 24இலிருந்து 25 ஆயின. அதற்கு முன் எழுதப்பட்ட ஒரு செய்நிரலில் 24 மாவட்டங்களும் ஆங்கில அகரவரிசையில் எனுமரேசனாக வைக்கப்பட்டிருந்தன என்று கற்பனை செய்து பார்க்கலாம். அம்பாறை 0, கேகாலை 11, குருநாகல் 12, மன்னார் 13, இவ்வாறே சென்று திருகோணமலை 22, வவுனியா 23. பட்டியலில் தெரிவு செய்யப்பட்டதன் எண்ணே தரவுத்தளத்திற் சேமிக்கப்படுகிறது. ஏனெனில் அதுவும் ஒரு வரியில் முடிகிறது.

இனிப் புதிய மாவட்டத்தைச் சேர்க்கவேண்டும். பட்டியல் திரையில் அகரவரிசையிலே தோன்றவேண்டுமென்றால் எனுமரேசனிலும் அவ்விடத்திலேயே செருகவேண்டும். கிளிநொச்சி கேகாலைக்கும் குருநாகலுக்கும் இடையில் அமர்ந்து 12ஐப் பெறுகிறது. செய்நிரல் வழுவின்றித் தொகுக்கப்படுகிறது. திரை அழகாக இருக்கிறது. பழைய பதிவுகளைத் திறந்தால் குருநாகல்வாசிகள் அனைவரும் ஒரே இரவில் கிளிநொச்சிக்குக் குடிபெயர்ந்திருப்பர். மன்னார் மக்கள் குருநாகலிலும், மாத்தளை மக்கள் மன்னாரிலும், மாத்தறை மக்கள் மாத்தளையிலும் இருப்பர். வவுனியாவில் வாழ்ந்தோர் திருகோணமலைக்குச் சென்றுவிட, வவுனியா மாவட்டம் ஆளற்றுக் கிடக்கும். எப்பிழைச் செய்தியும் தோன்றாது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஏதோ ஒரு பெயர் இருக்கவே செய்கிறதன்றோ! நிவாரணத்துக்கோ இடமாற்றத்துக்கோ அத்தரவு பயன்படும் நாளில்தான், அதுவும் பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து வாதாடினால்தான், வெளிப்படும்.

எண்ணுக்குப் பதிலாகப் பெயரையே சேமித்தால் இத்துன்பம் இல்லையென்பர். உண்மை; அதற்கு மாறாக, பெயரில் உள்ள எழுத்துப் பிழையொன்றைத் திருத்தத் துணிந்த அன்றே பழைய பதிவுகள் யாவும் வாசிக்க முடியாதனவாகிவிடும். இரண்டிலும் நோயின் வேர் ஒன்றே. பயனர் காணும் சொல், பட்டியலில் அதன் இடம், தரவுத்தளத்தில் அதன் குறி ஆகிய மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுள்ளன. ஒன்றை அசைத்தால் மற்றவை இரண்டும் அசைகின்றன.

வரிசை பற்றியும் சிறிது கூறவேண்டும். மேற்கூறிய பட்டியலில் மட்டக்களப்பு பதுளைக்கு அடுத்தும் கொழும்புக்கு முன்னும் நிற்கும். ஆங்கில எழுத்துக்களை உள்ளத்திற் கொள்ளாத ஒருவர் அதனை அங்கு தேடுவதற்கு யாதொரு நியாயமும் இல்லை. பெயர்களை எப்படியோ தமிழாக்கிவிட்டாலும் வரிசை ஆங்கிலத்திலேயே இருக்கும். பட்டியலையே வரிசைப்படுத்துமாறு கொம்போ பொக்ஸைப் பணிக்கலாமே எனின், தரவு மூலத்தோடு பிணைக்கப்பட்ட கொம்போ பொக்ஸ் அதனை ஏற்பதில்லை. விதிவிலக்கொன்றை எறிந்து செய்நிரலை நிறுத்திவிடும். மேலும் 'கெற் வல்யூஸ்' பெறுமானங்களைத் தருவது செய்நிரலாளர் எழுதிய வரிசையிலன்று. எண்களின் இரும வடிவத்தை மறைக்குறி நோக்காது ஒப்பிட்டே அது வரிசைப்படுத்துகிறது. 'தெரியாது' என்பதற்கு -1 எனக் கொடுத்து, அது பட்டியலின் தலையில் நிற்குமென எதிர்பார்த்தவர் அதனை அடியிற் காண்பார். ஒரே எண்ணுக்கு இரு பெயர்கள் இருப்பின் நிலைமை இன்னும் நகைப்புக்கிடமானது. டொட் நெற்றின் எச். ரீ. ரீ. பி. நிலைக் குறிகளில் 300 என்ற எண்ணுக்கு இரு பெயர்கள் உள. பட்டியலிற் கொட்டினால் அவற்றுள் ஒன்று இருமுறை தோன்றும். மற்றது தோன்றவே மாட்டாது. கோப்பொன்றின் தன்மைகளைக் குறிக்கும் எனுமரேசனோ பல தன்மைகள் ஒருங்கே சேரக்கூடியவாறு அமைந்தது. ஒரு கோப்பு மறைக்கப்பட்டதாகவும் வாசிக்க மட்டும் உரியதாகவும் ஒரே வேளையில் இருக்கலாம். ஒன்றையே தெரிவு செய்ய இடந்தரும் பட்டியலில் அதனைக் கொட்டுவது பொருளையே சிதைப்பதாகும்.

இவ்வழக்கத்தை ஆதரிப்போரிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. ஒரே விடயத்தை ஈரிடத்தில் எழுதினால் ஒன்று திருத்தப்பட்டு மற்றது மறக்கப்படும். எனுமரேசனில் ஒரு நிலை புதிதாகச் சேர்க்கப்பட்டும் பட்டியலில் அது தோன்றாது போகும். ஆதலால் மூலம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பதே அவ்வாதம். அன்றூ ஹன்ற், டேவிட் தோமஸ் ஆகிய இருவரும் 1999இல் எழுதிய நூல் மூலம் பிரசித்தி பெற்ற கோட்பாடு இதற்கு அரணாகக் காட்டப்படுகிறது. ஆனால் அவர்கள் கண்டித்தது ஒரே அறிவு ஈரிடத்திற் பதியப்படுவதையே. எழுத்துக்கள் ஒத்திருத்தலை அவர்கள் அறிவின் ஒருமை எனக் கொள்ளவில்லை. செய்நிரலின் உள்ளே ஒரு நிலை உண்டு என்பது ஓர் அறிவு. அந்நிலையைத் தமிழ்ப் பயனரிடம் எச்சொல்லாற் கூறுவது என்பது வேறோர் அறிவு. அதனை முதற்கண் காட்டுவதா இறுதியிற் காட்டுவதா, இப்பயனருக்கு அதனைக் காட்டவே வேண்டுமா என்பன பிறிதும் வேறானவை. கைவிடப்பட்ட நிலையொன்று பழைய பதிவுகளை வாசிப்பதற்காக எனுமரேசனில் இருந்தே ஆகவேண்டும். புதிய பதிவு செய்பவர் அதனைத் தெரிவு செய்யலாகாது. இவ்விரு தேவைகளையும் ஒரே பட்டியல் எவ்வாறு நிறைவு செய்யும்?

மறந்துபோதல் என்ற அச்சத்துக்கோ பரிகாரம் எளிது. ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய வாசகத்தைத் தரும் சிறிய செயற்கூறு ஒன்றை எழுதி, வாசகங்களை வளக் கோப்பில் வைத்து, பெறுமானமும் வாசகமுமாகிய இணைகளின் பட்டியலைக் கொம்போ பொக்ஸுக்குக் கொடுக்கலாம். எதனைக் காட்டுவது, எதனைப் பெறுமானமாகக் கொள்வது என்று தனித்தனியே கூறும் இரு பண்புகள் அதற்கென்றே அதில் உள்ளன. 2019இல் வந்த சீ ஷார்ப் எட்டாம் பதிப்பின் சுவிற்ச் கோவை, எனுமரேசனின் உறுப்பொன்று விடுபட்டால் தொகுக்கும்போதே எச்சரிக்கும். 'கெற் வல்யூஸ்' செயற்கூற்றுக்கும் இங்கு தக்கதொரு வேலை உண்டு. பரிசோதனைச் செய்நிரலொன்றில் அதனை அழைத்து, ஒவ்வோர் உறுப்புக்கும் மூன்று மொழிகளிலும் வாசகம் உண்டா என்று சரிபார்க்கச் செய்யலாம். அதற்கும் சில வரிகளே செலவாகும். எண்களைச் செய்நிரலாளரே வெளிப்படையாக எழுதி, ஒருமுறை வழங்கிய எண்ணை மறுமுறை வேறெதற்கும் வழங்காதிருத்தல் வேண்டும்.

மாவட்டம் போன்றவை எனுமரேசனுக்கே உரியனவல்ல என்பதும் ஈண்டு சுட்டிக் கூறத்தக்கது. அவற்றை உண்டாக்குவது அரசு, செய்நிரலாளர் அல்லர். 1970இல் கிளிநொச்சியிற் பிறந்தவர் யாழ்ப்பாண மாவட்டத்திலேயே பிறந்தவராவர். இன்று அவரது இல்லம் அதே நிலத்தில் வேறு மாவட்டத்தில் உள்ளது. காலத்தோடு பொருள் மாறும் இத்தகைய பட்டியல்கள் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் கொண்ட அட்டவணைகளாகத் தரவுத்தளத்தில் இருக்கவேண்டியவை. செய்நிரலைத் திரும்பத் தொகுத்தால் மட்டுமே புதியதொரு மாவட்டத்தை ஏற்கும் முறைமை, வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் முடியவேண்டிய மாற்றத்துக்குச் செய்நிரலாளரின் ஓய்வு நேரத்தை எதிர்பார்த்து நிற்கும்.

தாமே எழுதித் தாமே பயன்படுத்தும் சிறு கருவிகளில் ஒரு வரி முறையைக் கையாளுவதை எவரும் தடுக்கப்போவதில்லை. அங்கு எழுதுபவரும் படிப்பவரும் ஒருவரே. ஆட்சேபம் அதனைப் பொதுமக்கள் பயன்படுத்தும் செய்நிரல்களுக்குக் கொண்டுசெல்வோர் மீதும், அதனைக் கற்பிப்போர் மீதுமேயாகும். பல்கலைக்கழகங்களில் மாணவரின் இறுதியாண்டுச் செயற்றிட்டங்கள் திரையில் இயங்கிக் காட்டப்படும்போது, பட்டியல் திறக்கிறதா, தெரிவு பதிவாகிறதா என்பதோடு பரீட்சிப்போர் திருப்தியடைந்துவிடுகின்றனர். வரிகளின் சுருக்கத்துக்குப் பாராட்டும் கிடைக்கிறது. அவ்வேளையில் எனுமரேசனின் நடுவே புதிய பெயரொன்றைச் செருகச் சொல்லி, நேற்றுச் சேமித்த பதிவு ஒன்றை மீளத் திறந்து காட்டுமாறு கேட்பதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அதன்பின் கணனியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, அதே பட்டியலை மறுபடி திறக்குமாறும் கேட்கலாம்.